குளியலறைத் தரை அமுங்குகிறதா? மூடி மறைக்காதீர்கள், எழுதிக் கொடுங்கள்

கேள்வி: ஐயா, எங்களுக்குச் சொந்த ஊர் திருச்சி. இரண்டு வருடமாக லண்டன் ஈஸ்ட் ஹாமில், ஒரு பழைய வீட்டின் மாடி ஃபிளாட்டில் மனைவி, மூன்று வயது மகளோடு வாடகைக்கு இருக்கிறேன். சில மாதங்களாகக் குளியலறையில் கமோடைச் சுற்றித் தரை அமுங்குகிறது. உட்கார்ந்தால் கமோடு லேசாக ஆடுகிறது. வினைல் விரிப்பு ஓரத்தில் தூக்கிக்கொண்டு, அடியில் கறுப்பாகத் தெரிகிறது; காளான் வாடை அடிக்கிறது. கீழ்வீட்டுக்காரர் தன் கூரையில் பழுப்பு வளையம் விழுந்திருப்பதாகச் சொல்கிறார். ஏஜென்டிடம் இரண்டு முறை போனில் சொன்னேன். "நீங்கள் தண்ணீரை அதிகம் கொட்டுகிறீர்கள், அதனால்தான்" என்றார். டெபாசிட் போய்விடும், பேசாமல் நீயே சரிசெய்துவிடு என்கிறார் நண்பர். வார இறுதியில் ப்ளைவுட் வாங்கிப் போட்டு மேலே புது வினைல் ஒட்டிவிடலாமா? புகார் கொடுத்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா? வேலை விசாவில் இருக்கிறோம், அதற்கு ஏதாவது பாதிப்பு வருமா?

பதில்: அந்த ப்ளைவுட் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இன்றைக்கே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன, முதலில் அவை.

கீழ்வீட்டுக்காரரிடம் போய், அந்தப் பழுப்பு வளையம் கூரை விளக்குக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். விளக்கைத் தொட்டுக்கொண்டோ, அதன் பக்கத்திலோ இருந்தால் அந்த விளக்கைப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபியூஸ் பெட்டியில் அந்த லைட்டிங் சர்க்யூட்டை அணைக்கச் சொல்லுங்கள். கூரைப் பூச்சு வயிறு தள்ளித் தொங்கினால் அதன் கீழே யாரும் உட்காரவோ படுக்கவோ கூடாது. இரண்டில் எது இருந்தாலும் அது அவசரம். ஏஜென்டின் அவசர எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள், அப்புறம் அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

உங்கள் பக்கத்தில், குளியல் தொட்டியை நிரப்புவதை நிறுத்துங்கள். சாதாரணத் தொட்டி ஒன்றை நிரப்பினால் 150 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும். அது 150 கிலோ. உள்ளே இறங்கும் ஆளின் எடை வேறு. அடியில் இருக்கும் மரம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாதபோது அவ்வளவு பாரத்தை ஏற்றக் கூடாது. பாப்பாவை இப்போதைக்குச் சின்ன டப்பில், வேறு இடத்தில் வைத்துக் குளிப்பாட்டுங்கள். தனியாகக் குளியலறைக்குள் விடாதீர்கள். கமோடைப் பயன்படுத்தாமல் இருக்க முடியாது, புரிகிறது. மெதுவாக உட்காருங்கள், ஒரு பக்கம் சாயாதீர்கள். அமுங்கும் இடத்தில் யாரும் நிற்க வேண்டாம்.

சரி, தரை ஏன் இப்படி ஆகிறது? நம் ஊரில் குளியலறைத் தரை என்றால் கான்கிரீட் தளம், அதன்மேல் டைல்ஸ், ஒரு மூலையில் தண்ணீர் போக ஓட்டை. எவ்வளவு கொட்டினாலும் ஓடிவிடும். ஈஸ்ட் ஹாம் பக்கத்து வரிசை வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டியவை. மாடித் தரை முழுக்க மரம். சுவரிலிருந்து சுவருக்கு உத்திரக் கட்டைகள் போகும், ஜாய்ஸ்ட் என்பார்கள். சுமார் 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக அவை இருக்கும். அவற்றின்மேல் பலகை அடித்திருப்பார்கள். பின்னாளில் வீட்டை ஃபிளாட்டுகளாகப் பிரித்தபோது பல இடங்களில் குளியலறைக்கு மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த சிப்போர்டைப் போட்டு, மேலே வினைலை விரித்துவிட்டார்கள். தண்ணீர் பட்ட சிப்போர்டு ஊறி உப்பும், பசை விட்டுப் போகும். காய்ந்தாலும் பழைய பலம் திரும்பாது. டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உதிரும். மேலே வினைல் இருப்பதால் ஈரம் வெளியே போக வழியில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு மாதக்கணக்கில் முன்பே உள்ளே வேலை நடந்திருக்கும்.

மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போய் அங்கேயே நின்றால் அழுகல் பூஞ்சை பிடிக்கும். இதில் இரண்டு வகை. வெட் ராட் என்பது ஈரம் இருக்கும் இடத்தோடு நின்றுவிடும். தண்ணீரை நிறுத்தி, கெட்ட மரத்தை வெட்டி எடுத்து, மற்றதை உலர வைத்தால் அதன் கதை முடிந்தது. ட்ரை ராட் என்பது மோசமான வகை. சாம்பல் வெள்ளையில் வேர் மாதிரி இழைகளை விட்டு, செங்கல் சுவருக்குள்ளும் பூச்சுக்குள்ளும் புகுந்து அடுத்த மரத்தைத் தேடிப் போகும். மரம் குறுக்கும் நெடுக்குமாக வெடித்துக் கட்டம் கட்டமாகப் பிளந்திருக்கும். செங்கல் பொடி நிறத்தில் தூசி படிந்திருக்கும். காளான் வாடை இரண்டிலுமே வரும், அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. குளியலறைக் கசிவில் பெரும்பாலும் பார்ப்பது வெட் ராட்தான். ஆனால் திறந்து பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர் அனுப்பும் ஆள்.

இனி தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற விஷயம். தரையை மாற்றுவதைவிட இதுதான் முக்கியம். நான் பார்த்த வீடுகளில், தரையைப் பிரித்துப் புதிதாகப் போட்டு, கசிவை அப்படியே விட்டுவிட்டு, மறுபடியும் அதே இடம் அழுகியவை நிறைய. உங்கள் வீட்டில் கமோடைச் சுற்றி அமுங்குவதால் என் சந்தேகம் முதலில் கமோடின் பின்புறம் போகிறது. கமோடின் வாயைச் சுவரில் இருக்கும் கழிவுக் குழாயோடு சேர்க்கும் பிளாஸ்டிக் வளைவு ஒன்று இருக்கும், உள்ளே ரப்பர் இதழ்கள் இருக்கும். பான் கனெக்டர் என்று பெயர். அது சரியாகப் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் ஒரு ஸ்பூன் தண்ணீர் கசியும். அந்த ஒரு ஸ்பூன் பலகையை ஊற வைக்கும். பலகை ஊறினால் கமோடைப் பிடித்திருக்கும் திருகாணிகள் தளரும். கமோடு ஆடும். ஆடினால் ரப்பர் இன்னும் விலகும். அப்புறம் ஒரு ஸ்பூன் அரை டம்ளர் ஆகும். ஆடும் கமோடைச் சுற்றிச் சிலிக்கான் பூசி நிறுத்தப் பார்ப்பார்கள். அது கசிவை உள்ளே பூட்டி வைப்பதுதான்.

இதை நீங்களே சோதிக்கலாம், எதையும் கழற்ற வேண்டாம். கமோடின் பின்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்த வளைவைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றுங்கள். ஃப்ளஷ் டேங்கின் அடியில் இருக்கும் போல்ட்டுகளிலும், தண்ணீர் வரும் சின்னக் குழாயின் மூட்டிலும் தனித்தனியாகச் சுற்றுங்கள். ஒருவர் ஃப்ளஷ் செய்ய, ஒருவர் டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பேப்பர் நனைகிறதோ அங்கேதான் கோளாறு. ஃப்ளஷ் செய்யாமலே நனைந்தால் அது டேங்கிலோ அதற்கு வரும் குழாயிலோ இருக்கும் கசிவு. இரவும் பகலும் சொட்டிக்கொண்டிருக்கும். கீழ்வீட்டு வளையமும் ஒரு தடயம். எந்நேரமும் ஈரமாக இருக்கிறதா, நீங்கள் குளித்த பிறகு மட்டும் நனைகிறதா என்று அவரைக் கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

குளித்த பிறகுதான் நனைகிறது என்றால் தொட்டியைப் பார்க்க வேண்டும். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சிலிக்கான் கோட்டை விரல் நகத்தால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பிரிந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். இங்கே பல வீடுகளில் ஃபைபர் அல்லது அக்ரிலிக் தொட்டிதான். அது உலோகக் கால்களில் நிற்கிறது, கால்கள் அதே சிப்போர்டில் நிற்கின்றன. பலகை இறங்கினால் தொட்டி இறங்கும், சிலிக்கான் கிழியும், ஷவர் தண்ணீர் சுவர் வழியாக நேரே தொட்டிக்கு அடியில் போகும். பழைய சிலிக்கான்மேல் புதிதாகப் பூசினால் ஒட்டாது. பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்து, தொட்டியில் தண்ணீரை நிரப்பி அதைக் கீழே அமர வைத்த பிறகே பூச வேண்டும். வெறும் தொட்டியில் பூசினால் முதல் குளியலிலேயே இழுபட்டுக் கிழியும். தரை சரியான பிறகு இந்த வேலையைச் செய்ய வருபவர் தொட்டியை நிரப்புகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிரப்பாமல் பூசினால் கேளுங்கள்.

ஏஜென்ட் சொன்ன "தண்ணீரை அதிகம் கொட்டுகிறீர்கள்" என்பதற்கு நேராகவே வருகிறேன். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, தொட்டிக்கு வெளியே தரையில் நின்று சொம்பால் ஊற்றிக் குளிக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. மரத்தரையில் அது ஆகாது. அப்படிச் செய்துவந்தால் இன்றே நிறுத்துங்கள்; பக்கெட்டைத் தொட்டிக்குள் வைத்துக்கொண்டு அங்கேயே குளியுங்கள், ஷவர் திரையைத் தொட்டிக்கு உள்பக்கமாக விடுங்கள். கமோடைச் சுற்றித் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் அப்படித்தான், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஆனால் ஒரு குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைப் பார்த்துக் காரணம் முடிவு செய்வது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத காரியம். மரமே பதில் சொல்லும். மேலிருந்து சிந்திய தண்ணீர் என்றால் நீங்கள் நின்று குளிக்கும் இடத்திலும் வினைலின் மூட்டுகளிலும்தான் சேதம் அதிகம் இருக்கும். குழாய்க் கசிவு என்றால் கமோடின் பின்னால், சுவர் ஓரத்தில், யாரும் கால் வைக்காத இடத்தில் மிக மோசமாக இருக்கும். வினைலின் மேல்பக்கம் நன்றாக இருந்து அடிப்பக்கம் கறுத்திருந்தால் அதுவும் கீழிருந்து வந்த ஈரத்தையே காட்டும். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் குழாய்க் கசிவின் பக்கம்தான் சாய்கின்றன. ஏஜென்டின் வார்த்தைக்கு வாய்ப்பேச்சில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். டிஷ்யூ பேப்பர் நனைவதை வீடியோ எடுங்கள், கமோடு ஆடுவதை வீடியோ எடுங்கள், தூக்கிக்கொண்ட ஓரத்தை ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். அவ்வளவும் தேதியோடு இருக்கட்டும்.

இப்போது செலவு யாருடையது என்ற கேள்வி. இங்கிலாந்துச் சட்டத்தைத்தான் சொல்கிறேன். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வேறு. 1985ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம் 11ஆம் பிரிவின்படி, ஏழு வருடத்துக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தங்களில் வீட்டின் கட்டமைப்பையும், தண்ணீர், கழிவுநீர், குளியல் தொட்டி, வாஷ்பேசின், கழிப்பறை ஆகிய ஏற்பாடுகளையும் பழுது பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை. உத்திரமும் அதன்மேல் பலகையும் கட்டமைப்பு. பான் கனெக்டர் கழிப்பறை ஏற்பாடு. ஒப்பந்தத்தில் "உட்புறப் பழுதுகள் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு" என்று எழுதியிருந்தாலும் இந்தக் கடமையை அது மாற்றாது. இதற்குமேல், 2018இல் வந்து 2019 மார்ச் 20 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, வாடகை வீடு மனிதர் வாழத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. இல்லாவிட்டால் குடியிருப்பவரே நேராக நீதிமன்றம் போகலாம்.

உங்கள் பக்கக் கடமை சிறியது. வீட்டைப் பொறுப்பான குடியிருப்பவராகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீதிபதி டென்னிங் பிரபு 1953இல் ஒரு தீர்ப்பில் இதை விளக்கும்போது, ஃபியூஸ் போன விளக்கைச் சரிசெய்வது, தன் கழிவால் அடைத்த சிங்க்கைத் திறந்துவிடுவது போன்ற சின்ன வேலைகளைத்தான் உதாரணம் காட்டினார். அழுகிய உத்திரம் அந்தப் பட்டியலில் வராது. நீங்களோ உங்கள் விருந்தினரோ வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ கெடுத்திருந்தால் மட்டும் அந்தப் பங்கு உங்கள் தலையில் விழும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் பழுது வீட்டுக்காரருக்குத் தெரிந்த பிறகுதான் அவருடைய கடமை தொடங்குகிறது. நீங்கள் சொல்லாமல் இருந்த மாதங்களுக்கு அவரைக் கேட்க முடியாது. அதைவிட மோசம், சொல்லாததால் சேதம் பெருகியது என்று உங்களிடம் திரும்பி வரலாம். நண்பர் சொன்ன "பேசாமல் இரு" என்பதுதான் டெபாசிட்டுக்கு நிஜமான ஆபத்து. போனில் சொன்னதும் சொன்னதுதான், சட்டம் அதை ஏற்கும். ஆனால் ஏஜென்ட் வேலையை விட்டுப் போய்விட்டால் அதற்கு யார் சாட்சி? ஆகவே இன்றே மின்னஞ்சல். ஏஜென்டுக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்து அனுப்புங்கள். வீட்டுக்காரர் முகவரி உங்களிடம் இல்லையென்றால் ஏஜென்டிடமோ, வாடகை வாங்குபவரிடமோ எழுத்தில் கேளுங்கள். 21 நாளுக்குள் பெயரும் முகவரியும் கொடுத்தாக வேண்டும்.

கோபம் வேண்டாம், சட்டப் பிரிவுகளைக் கொட்டவும் வேண்டாம். இந்த மாதிரி எழுதுங்கள், ஆங்கிலத்தில்:

"குளியலறையில் கமோடைச் சுற்றித் தரை அமுங்குகிறது, கமோடு ஆடுகிறது. இன்ன தேதியிலும் இன்ன தேதியிலும் போனில் தெரிவித்தேன். ஃப்ளஷ் செய்யும்போது பின்புற இணைப்பில் கசிவு தெரிகிறது, வீடியோ இணைத்துள்ளேன். கீழ்வீட்டுக் கூரையிலும் கறை உள்ளது. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது, விழுந்துவிடும் ஆபத்து உள்ளது. கசிவை உடனே நிறுத்தவும், தரையைத் திறந்து உத்திரங்களைச் சோதிக்கவும் ஒரு வாரத்துக்குள் ஆள் அனுப்புங்கள். வேலை நாட்களில் மாலை ஐந்துக்குமேலும், சனிக்கிழமை முழுவதும் வீட்டில் இருப்போம்."

கசிவு நிஜமாகவே எங்கே தெரிகிறதோ அதை மட்டும் எழுதுங்கள். தெரியவில்லை என்றால் "எங்கிருந்து என்று தெரியவில்லை" என்றே எழுதுங்கள். கடைசி வரியை விடாதீர்கள். "ஆள் அனுப்பினோம், கதவைத் திறக்கவில்லை" என்ற பதில் வராமல் அது காக்கும். பார்வையிட வருவதற்கு 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அவர்களுக்கான விதி. வந்தால் உள்ளே விடுவது உங்களுக்கான விதி.

பதில் வராவிட்டாலோ, வந்தவர் வினைலை மட்டும் மாற்றிவிட்டுப் போனாலோ, கவுன்சிலுக்குப் போங்கள். ஈஸ்ட் ஹாம் நியூஹாம் கவுன்சிலின் கீழ் வருகிறது. தனியார் வாடகை வீடுகளைப் பார்க்கும் பிரிவு அங்கே உண்டு. 2004ஆம் ஆண்டின் ஹவுசிங் சட்டப்படி அவர்கள் வந்து வீட்டின் ஆபத்துகளை மதிப்பிடுவார்கள். முதல் வகை ஆபத்து, அதாவது மிகக் கடுமையான வகை என்று கண்டால் நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் கட்டாயக் கடமை, விருப்பப்பட்டால் செய்வது அல்ல. அமுங்கும் தரை, கழிவுநீர்க் கசிவு, கீழ்வீட்டில் விழக்கூடிய கூரை எல்லாம் அந்த மதிப்பீட்டில் வருபவை. ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்புகள் இரண்டும் இலவசமாக ஆலோசனை சொல்லும். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் அவர்களிடம் போங்கள்.

அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020இல் ரோச்டேலில் பூஞ்சை பிடித்த வீட்டில் இறந்த பிறகு அந்தப் பெயரில் வந்த சட்டத்தைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற அதன் காலக்கெடு 2025 அக்டோபர் 27இல் அமலுக்கு வந்தது கவுன்சில் வீடுகளுக்கும், ஹவுசிங் அசோசியேஷன் என்ற லாப நோக்கில்லாத அமைப்புகளின் வீடுகளுக்கும்தான். தனியார் வீட்டில் இருக்கும் நீங்கள் அதைக் கடிதத்தில் காட்டினால், உங்களுக்குப் பொருந்தாது என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். உங்களுக்கு 11ஆம் பிரிவு போதும். அதில் நாள் கணக்கு இல்லை, நியாயமான காலம் என்றுதான் இருக்கிறது. குழந்தை இருக்கும் வீட்டில் ஒரே கழிப்பறையின் தரை போனால் அந்த நியாயமான காலம் குறுகியது.

வாடகையை நிறுத்தி வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லுவார்கள். செய்யாதீர்கள். பழுது அவர் தவறு. பாக்கி உங்கள் தவறாகிவிடும். நாமே சரிசெய்து வாடகையில் கழிப்பதற்கு ஒரு வழி சட்டத்தில் உண்டு. முன்கூட்டியே எழுதி, விலைப்புள்ளிகள் வாங்கி அனுப்பி, அவகாசம் கொடுத்து என்று படிப்படியாகப் போக வேண்டிய வழி அது. ஒரு படி தவறினாலும் பாக்கிக் கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள். உத்திரத்தில் கை வைக்கும் வேலைக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

உங்கள் ப்ளைவுட்டும் அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அழுகிய பலகைமேல் புதுப் பலகையை அடித்தால் திருகாணி பிடிக்க அடியில் மரம் இருக்காது. ஈரம் இரண்டு பலகைக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். யார் காரணம் என்று காட்டும் சாட்சியம் முழுவதையும் உங்கள் கையாலேயே மூடிவிடுவீர்கள், பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் "குடியிருந்தவர் தரையைப் பிரித்தார்" என்பதே காரணமாகிவிடும். இன்னொன்று, வினைலுக்கு அடியில் பழைய காலத்துக் கெட்டியான சதுர டைல்கள், கறுப்புப் பசை தெரிந்தால் உரிக்கவோ சுரண்டவோ கூடாது. அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டன் அதை முழுவதுமாகத் தடை செய்தது 1999இல்தான், அதற்கு முந்தைய வேலை எதிலும் அது இருக்கக் கூடும். அப்படித் தெரிந்தால் படம் எடுத்து அதையும் மின்னஞ்சலில் சேருங்கள்.

வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா? காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் வெளியேற்றிய பிரிவு 21ஐப் பற்றித்தான் உங்கள் பயம் இருக்கும். அந்தப் பயம் நியாயமாகவே இருந்தது. எத்தனையோ குடும்பங்கள் அதனால் அழுகிய தரைமேல் வாய்மூடி இருந்திருக்கின்றன. வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2025இன்படி, 2026 மே 1 முதல் இங்கிலாந்தின் தனியார் வாடகை வீடுகளில் பிரிவு 21 கிடையாது. வெளியேற்ற வேண்டுமானால் சட்டத்தில் உள்ள காரணம் ஒன்றைக் காட்ட வேண்டும். விற்கப் போகிறேன், நானே குடிவரப் போகிறேன் என்பவை அந்தக் காரணங்களில் உண்டு. ஆனால் அவற்றுக்கு 4 மாத நோட்டீஸ், அதன்பின் 12 மாதத்துக்கு வேறு ஆளுக்கு வாடகைக்கு விட முடியாது. பழுதைப் பற்றிப் புகார் கொடுத்தார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

விசாவைப் பற்றிக் கவலையே வேண்டாம். உங்கள் விசாவில் தடுக்கப்பட்டிருக்கும் பொது உதவிகள் என்பவை குறிப்பிட்ட அரசு உதவித்தொகைகளும் கவுன்சில் வீடும் போன்றவை. வாடகை வீட்டின் பழுதை வந்து பாருங்கள் என்று கவுன்சிலைக் கூப்பிடுவது அதில் சேராது.

வேலை தொடங்கினால் நீங்கள் பார்க்க வேண்டியது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மேஸ்திரி ஆக வேண்டாம், பக்கத்தில் நின்று படம் எடுத்தால் போதும். கமோடைக் கழற்றி, கெட்ட பலகையை நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். திறந்ததும் வருபவர் ஸ்க்ரூ டிரைவர் முனையால் உத்திரங்களைக் குத்திப் பார்ப்பார். நல்ல மரத்தில் முனை நிற்கும், அழுகியதில் தடையில்லாமல் இறங்கும். வெளிச்சுவருக்குள் போகும் உத்திர நுனியைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். செங்கல்லின் ஈரமும் சேர்ந்து முதலில் போவது அதுதான், பார்க்காமல் மூடிவிடுவதும் அதைத்தான். மேலாகக் கெட்டிருந்தால் பக்கத்தில் புது மரத்தைச் சேர்த்து போல்ட் போட்டுக் கட்டலாம்; நுனியே போயிருந்தால் அது கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டிய வேலை. அப்புறம் உலர விட வேண்டும். அன்றைக்கே திறந்து அன்றைக்கே மூடினால் உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், ஈரமானி வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். திரும்பவும் சிப்போர்டு போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குறைந்தது 18 மில்லிமீட்டர் ஈரம் தாங்கும் ப்ளைவுட் கேளுங்கள், கமோடு உட்காரும் இடத்துக்கு அடியில் குறுக்குக் கட்டையும் வேண்டும்.

வீட்டில் ஒரே கழிப்பறை என்பதால், தினமும் மாலையில் கமோடைத் தற்காலிகமாகத் திரும்ப வைத்துக் கொடுப்பார்களா, இல்லையென்றால் எங்கே தங்க வைப்பார்கள் என்று வேலைக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயன்படுத்த முடியாத நாட்களுக்கு வாடகைக் குறைப்பு கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் அந்த ஃபிளாட்டுக்கு மட்டும் லீஸ் வைத்திருந்து, கட்டடம் வேறு ஒருவருடையதாக இருந்தால் உத்திரத்தைத் தொட உங்கள் வீட்டுக்காரர் கட்டட உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அதனால் தாமதமாகிறது என்று சொன்னால், அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தின் தேதியைக் கேளுங்கள். அந்த அலைச்சல் அவருடையது. கசிவை நிறுத்த மட்டும் யார் அனுமதியும் வேண்டியதில்லை, அது முதல் நாளே நடக்கலாம்.

டெபாசிட்டுக்கு வருகிறேன். வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் ஐந்து வார வாடகைக்குமேல் டெபாசிட் வாங்கக் கூடாது. வாங்கிய 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்றில் அதைப் பாதுகாத்து உங்களுக்கு விவரம் தந்திருக்க வேண்டும். அந்தத் தாள் இருக்கிறதா என்று இன்று தேடிப் பாருங்கள். பாதுகாக்கவே இல்லை என்றால் டெபாசிட்டைப் போல ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை அவர் உங்களுக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். பாதுகாத்திருந்தால், காலி செய்யும்போது தரைக்காகப் பிடித்தம் செய்ய நினைப்பவர் அது உங்களால் கெட்டது என்று அந்தத் திட்டத்தின் தகராறு தீர்ப்பவரிடம் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. இன்று நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலும், நனைந்த டிஷ்யூ பேப்பர் வீடியோவும், குடிவந்த அன்று கொடுத்த சாமான் விவரப் பட்டியலும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். இதற்கெல்லாம் பிறகும் வேறு வீடு பார்ப்பதுதான் நிம்மதி என்று தோன்றினால், புதிய சட்டப்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து நீங்கள் போகலாம். போனாலும் அந்த மின்னஞ்சலை முதலில் அனுப்பிவிடுங்கள்; கீழ்வீட்டுக் கூரைக்கும், உங்களுக்குப் பிறகு வரும் குடும்பத்துக்கும் அது வேண்டும்.